கவுன்சிலர் பூங்காவனத்தின் கையெழுத்து

என் ஐஸ் டிப்போவுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் எல்லையம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் மேடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடையைச் சுற்றி நைலான் கயிறு கட்டிவிட்டார்கள் என்றால், வலைமேட்டுக் குப்பத்தில் அன்றைக்கு ஊர்ப் பஞ்சாயத்து. கயிற்றுக்கு உள்ளே ஆம்பிளைகள் மட்டும். பொம்பிளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆனால் ஐஸ் வாங்க வரலாம் அல்லவா? அதனால் பஞ்சாயத்து நாளில் வெறுங்கூடையோடு பத்துப் பதினைந்து பேர் என் கடை முன்னால் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டி ஐஸை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, அது தண்ணீராக ஓடிப் போகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நானும் கண்டுகொள்ள மாட்டேன். எனக்கு வியாபாரம் ஆகிறது.

என் பெயர் ஜமீலுன்னிசா. மீன்காரிகளுக்குப் பாயம்மா. வீடு மயிலாப்பூர்ப் பக்கம். விடிகிற நேரத்தில் ஐஸ் வண்டி வரும். ஐஸ் பாரை இறக்கி, சாக்கில் சுற்றி, கட்டையால் நாலு போடு போட்டு உடைத்துக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக இந்தக் குப்பத்தைப் பார்க்கிறேன். இங்கே நான் வெளியாள். வெளியாளுக்கு ஒரு சௌகரியம், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு இந்த டிப்போ யாருக்கு என்று பேச்சு வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி ஷரீஃப்தான் எனக்காகப் பேசினான். அவன் வார்த்தையை மென்று முழுங்குகிறதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கத்திவிட்டேன். டிப்போ எனக்கு வந்தது. வாயாடி என்ற பேரும் சேர்ந்து வந்தது. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

பூங்காவனம் அப்படிக் கத்துகிற ஜாதி இல்லை. அதிர்ந்து பேச மாட்டாள். அவள்தான் எங்கள் வார்டு கவுன்சிலர்.

அது நடந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாநகராட்சித் தேர்தலில் இந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஊரார் கயிறு கட்டி உட்கார்ந்தார்கள். "இந்த வாட்டி ரங்கன் நிக்கட்டும்" என்று முடிவானது. ஊர்ச் செயலாளர் ரங்கன், ஒரு ஃபைபர் போட்டுக்குச் சொந்தக்காரன், பூங்காவனத்தின் புருஷன். பெண்கள் வார்டில் ரங்கன் எப்படி நிற்பான் என்று ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்டாட்டி பெயரைப் போட்டால் ரங்கன் நின்ற மாதிரிதானே. போஸ்டரில் அவன் படம் இட்லித் தட்டு அளவு, அவள் படம் இட்லி அளவு. ஜெயித்த அன்றைக்கு மாலையெல்லாம் அவன் கழுத்தில்தான்.

அவள் மன்றக் கூட்டத்துக்குப் போவாள். அங்கே பாதிக்குப் பாதி பெண்கள், அவளுக்கென்று ஒரு நாற்காலி, மேஜை மேல் மைக், பெயர் எழுதிய பலகை. மேடம் என்று கூப்பிடுவார்கள். அதே பூங்காவனம் இங்கே வந்து இறங்கினால், மேடைப் பக்கம் கயிறு கட்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஜெயித்த பிறகும் அவள் மீன் விற்பதை விடவில்லை. ரங்கனுக்கு அது பெரிய அவமானம். "ஒரு கவுன்சிலர் பொண்டாட்டி ரோட்டுல குந்திகினு மீன் விக்கிறதா?" என்று என்னிடமே வந்து குறைபட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஐஸை உடைத்தேன்.

கவுன்சிலருக்கு லெட்டர் பேடு உண்டு, சீல் உண்டு. இரண்டும் அவனிடம். கையெழுத்தும் அவனே போடுவான். ரோடு, விளக்கு, குழாய் என்று எத்தனையோ கடிதம். என் டிப்போவுக்குக் கரண்டு லைன் வாங்க ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தான், அதன் நகல் இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது. அடியில் பூங்காவனம் என்று அவன் போட்ட கையெழுத்து. முதல் எழுத்து பெரிதாக நிமிர்ந்து நிற்கும், மிச்சமெல்லாம் அலை மாதிரி ஓடி, கடைசியில் வால் திரும்பி வந்து அடிக்கோடு போட்டு, இரண்டு புள்ளி. பூங்காவனம் எட்டாவது வரை படித்தவள். அவள் எழுதினால் கோடு போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும்.

வம்பு மீன் அங்காடியில் ஆரம்பித்தது. கடலோரச் சாலையில் உட்கார்ந்து மீன் விற்பவர்களுக்காகப் புதிதாக அங்காடி கட்டினார்கள். மேலே கூரை, கீழே டைல்ஸ், அறுபது கடை. ஒன்றாம் தேதிக்கு மேல் சாலையில் ஒருத்தரும் உட்காரக் கூடாது என்று போர்டும் வைத்தார்கள். யார் யாருக்குக் கடை என்று ஊரே பட்டியல் போட்டு, கவுன்சிலர் கடிதத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்று மண்டல அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஊர்ப் பட்டியல் என்றால் தலைக்கட்டுப் பட்டியல். கல்யாணம் ஆன ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. அவன்தான் ஊருக்கு வரி கட்டுவான், திருவிழாவில் பங்கு வாங்குவான், கயிற்றுக்குள் உட்காருவான். அவன் செத்துவிட்டால் அந்த வீடு கணக்கில் இல்லை. அந்த வீட்டுப் பொம்பிளை விடியற்காலையில் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து வந்து, உச்சி வெயிலில் செதில் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றினாலும் அவள் தலைக்கட்டு இல்லை. அப்படிப் பதினொரு பேர் இருந்தார்கள். புருஷன் போனவர்கள் எட்டு, புருஷன் விட்டுப் போனவர்கள் மூன்று. அவர்களுக்குக் கடை இல்லை என்று ஆனது. அவர்கள் இடத்தில், வாழ்க்கையில் ஒரு நாள் கூட அரிவாள்மனையில் உட்காராத பதினொரு ஆம்பிளைகள் பெயர். அதில் ஊர்த் தலைவர் தேசிங்குவின் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஒருத்தன் கிண்டியில் கம்பெனி வேலை, இன்னொருத்தன் தேனாம்பேட்டையில் கார் ஓட்டுகிறான். கடையை வாங்கி வாடகைக்கு விடுவார்களாம்.

கன்னியம்மா அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றவள். சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் அவள் அடுக்கி வைத்தால் வாங்காமல் தாண்ட முடியாது. ஊரில் முறையிட வேண்டுமானால் பொம்பிளைக்கு ஆம்பிளை ஒருத்தன் வாயாக இருந்து பேச வேண்டும். அவள், செத்துப் போன தன் புருஷனின் தம்பி பாளையத்தைப் பிடித்தாள். முந்தின நாளே அவனைக் கூப்பிட்டு, சுறாப்புட்டும் சோறும் போட்டு, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் என் கடை வாசலில் ஐஸ் கூடையோடு நின்றாள். பூங்காவனமும் நின்றாள்.

பாளையம் எழுந்தான். துண்டை இடுப்பில் கட்டினான். தலைவரைப் பார்த்தான். அவன் தன் ஃபைபர் போட்டுக்குப் போன மாதம்தான் தேசிங்கு கொடுத்த முன்பணத்தில் எஞ்சின் மாற்றியிருக்கிறான். "எங்க அண்ணி சார்பா சொல்றேன். ஊரு இன்னா சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். கன்னியம்மாவே வந்து ஒப்புக்கொண்டதாக ஊர் எழுதிக்கொண்டது.

கன்னியம்மா அழவில்லை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நேத்து வஞ்சிரம் தலையும் சேத்து வச்சேன் பாயம்மா அவனுக்கு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பாளையம் மண்டையை ஐஸ் கட்டையால் பிளந்திருப்பேன். பூங்காவனம் ஐஸைக் கீழே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டே புருஷனிடம் கேட்டாளாம், அந்தப் பதினொரு பேரையும் சேர்த்தால் என்ன என்று. ஊர் போட்ட பட்டியலை மாற்ற நீ யார் என்று கேட்டானாம். நான் கவுன்சிலர் என்றாளாம். அதற்கு அவன் சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு நடித்தே காட்டினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாக மண்டல அலுவலகம் போனாள். பேடும் சீலும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ரங்கன் கடலுக்குப் போகும்போது சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான், சட்டையோடு கடலுக்குப் போகிறவன் யார்? சீல் அந்தச் சட்டைப் பையில். பேடு பீரோவில். பதினொரு ஆம்பிளைகளை எடுத்துவிட்டுப் பதினொரு பெண்களைச் சேர்த்து, அறுபது பெயரையும் தன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக்கொண்டு போனாள். பட்டியலை வாங்கும் பெண் பெயர் அஸ்வினி. நல்ல பெண்தான், ஆனால் விதி தவறாதவள். கடிதத்தைப் பார்த்தாள், ஃபைலைப் புரட்டினாள், மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது உங்க கையெழுத்து இல்லையே" என்றாளாம்.

பூங்காவனம் டிப்போவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, தென்காற்று இன்னும் எழும்பவில்லை, மத்தியானத்தில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. நான் ஒரு துண்டு ஐஸைக் கையில் கொடுத்தேன். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எதிர்லயே எய்திக் காட்டுனேன் பாயம்மா. அந்தப் பொண்ணு பாவம், என்னையும் பாக்குது, ஃபைலையும் பாக்குது. நாப்பது லெட்டர் கீதாம். நாப்பதும் அவரு போட்டது. நாப்பதுக்கு எதிருல நா ஒருத்தி போட்டா அது செல்லுமா?"

அந்தப் பெண் இரண்டு வழி சொல்லியிருக்கிறாள். முந்தைய நாற்பதும் என் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தால், விசாரணை போலீசுக்குப் போகும், அது முடிகிறவரை எந்தப் பட்டியலும் எடுக்க மாட்டார்கள். இல்லையென்றால் ஃபைலில் உள்ளதோடு ஒத்துப் போகிற கையெழுத்தோடு வர வேண்டும். இரண்டு கடிதம் வந்தால் பிந்தின தேதிதான் கணக்கு என்றும் சொல்லி அனுப்பினாளாம்.

எழுதிக் கொடுத்துவிடு, அவன் உள்ளே போய்க் களி தின்னட்டும் என்றேன் நான். அவள் கேட்கவில்லை. அவன் உள்ளே போனால் காலேஜில் படிக்கிற மகள் அனுவை ஊர் விட்டு வைக்காது என்றாள். விசாரணை ஆறு மாதம் இழுக்கும், ஒன்றாம் தேதி கன்னியம்மாவை ரோட்டிலிருந்து தூக்கிவிடுவார்கள், பிறகு கேஸ் ஜெயித்து என்ன பிரயோஜனம் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அப்புறம் அவள் தலையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய என் கரண்டு லைன் கடிதத்தைப் பார்த்தாள்.

"அத்த கொஞ்சம் எடு பாயம்மா" என்றாள்.

அன்று சாயங்காலமும், புதன்கிழமை மத்தியானமும், வியாழக்கிழமை மத்தியானமும் அவள் என் டிப்போவின் உள்ளே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரை எழுதிப் பழகினாள். நாள்காட்டியில் கிழித்த தாள்களை ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். முதலில் எழுத்து உருண்டையாகவே வந்தது. நிமிர்த்தினால் அலை ஓடவில்லை. அலை ஓடினால் வால் திரும்பவில்லை. மீன் செதில் அப்பிய விரல், பேனா வழுக்கியது. "எவ்ளோ திமிரா எய்திகீறான் பாரு, கோட்ட எப்டி இய்த்துகீறான் பாரு" என்று திட்டிக்கொண்டே எழுதினாள். நான் பக்கத்தில் நின்று வால் சின்னதாகிவிட்டது, புள்ளி தள்ளிப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சகிக்கவில்லை. ஒருத்தி தான் தானென்று நிரூபிக்க, தன்னைப் போல் எழுதின திருடனைப் பார்த்து எழுதிப் பழக வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு தாளை நீட்டினாள். எது அவன் போட்டது, எது இவள் போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

"என் பேர நா எய்துனா நா இல்லியாம். அவன் எய்துன மாதிரி எய்துனாத்தான் நானாம்" என்றாள். பேனாவை மூடிவிட்டு, எழுதின தாள் அத்தனையையும் ஐஸ் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிப் போட்டாள்.

ரங்கன் புதன்கிழமையே ஊர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டான். அவள் வெள்ளிக்கிழமை காலை, அவன் கடலில் இருந்த நேரத்தில், முந்தைய பட்டியல் ரத்து என்று ஒரு வரி சேர்த்துத் தன் பட்டியலைக் கொடுத்தாள். அஸ்வினி ஃபைலை வைத்துப் பார்த்தாளாம். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாளாம். ஒன்றும் கேட்காமல் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாளாம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அங்காடிக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். தேசிங்குவின் பிள்ளைகள் இருவர் பெயரும் இல்லை. முப்பத்தேழாம் கடை கன்னியம்மா. ஊர் கொதித்தது. சாயங்காலத்துக்குள் தேசிங்கு ஆட்களோடு அலுவலகம் போய் வந்துவிட்டார். கவுன்சிலர் கையெழுத்து ஒத்துப் போகிறது என்று பதில். மறுநாள் காலை கயிறு கட்டினார்கள்.

அன்றைக்கு என் கடை முன்னால் நாற்பது பொம்பிளைகள். ஐஸ் பார் அத்தனையும் தீர்ந்துவிட்டது. பூங்காவனத்தின் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. கடை கிடைத்த பதினொரு பேரும்கூட நாலடி தள்ளியே நின்றார்கள்.

தேசிங்கு மூன்றே வார்த்தையில் கேட்டார். "ரங்கா, நீ போட்டியா?"

ரங்கன் எழுந்து நின்றான். அவன் நிலைமையை அங்கிருந்த அத்தனை பேரும் புரிந்துகொண்டார்கள். நான் போடவில்லை என்றால், பிறகு யார் போட்டது? பெண்டாட்டி போட்டாள் என்று சொல்ல வேண்டும். தன் வீட்டுப் பொம்பிளை தன்னை மீறினாள் என்று கயிற்றுக்குள் நின்று சொல்வதைவிட அவனுக்குச் சாவு மேல். தலையைக் குனிந்தான்.

"நாந்தான் போட்டேன்" என்றான்.

கூட்டம் இரைந்தது. என் கடை முன்னால் கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், ரங்கன் இருந்த திசையைப் பார்த்து. ரங்கண்ணன் நல்லா இருக்கணும் என்று முணுமுணுத்தாள். மற்ற பத்துப் பேர் முகத்திலும் அதே நன்றி. இத்தனை நாள் நடந்தது அத்தனையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூங்காவனம் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டினாள். பைக்கில் வந்தவன் ஒருத்தன் பிரேக் போட்டுத் திட்டினான். அவள் கயிற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அவரு போடல. நாந்தான் போட்டேன்" என்றாள். கத்தவில்லை. மன்றக் கூட்டத்தில் மைக் முன்னால் பேசுகிற மாதிரி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

உள்ளே இருந்த இருநூறு ஆம்பிளைகளில் ஒருத்தன் தலைகூடத் திரும்பவில்லை. தேசிங்கு அவள் நின்ற இடத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்தார்.

"இன்னா ரங்கா, உங்கூட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேக்குது?" என்றார்.

ரங்கன் நிமிரவில்லை. "ஒண்ணும் இல்ல தலைவரே. காத்து" என்றான்.

நாற்பது பொம்பிளைகளும் அதைக் கேட்டோம். ரங்கனைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள், மூன்று மாதம் அவன் போட்டுக்கு ஆள் போகக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள், அவ்வளவும் அவள் கயிற்றுக்கு வெளியே நின்று கேட்டாள். பிறகு திரும்பி வந்து கூடையை எடுத்துக்கொண்டாள். ஐஸ் கரைந்திருந்தது. நான் கேட்காமலே இன்னொரு கட்டி போட்டேன்.

ஒன்றாம் தேதி அங்காடி திறந்தது. பூங்காவனம் சொன்னதைக் காதால் கேட்டிருந்தும் கன்னியம்மா முதல் நாள் முதல் வஞ்சிரத்தை ரங்கனுக்குக் கொடுத்தனுப்பினாள். அதைச் சமைத்துப் போட்டவள் பூங்காவனம்தான்.

ஊர் பூங்காவனத்தோடு பேசுவதை விட்டுவிட்டது. ஆனால் லெட்டர் பேடை விட முடியுமா? இரண்டு வாரம் கழித்து, அங்காடிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை வண்டி நிறுத்தத் தன் பெரிய பிள்ளைக்குக் குத்தகைக்குக் கேட்டுக் கடிதம் வேண்டும் என்று தேசிங்கு ரங்கனுக்கு ஆள் அனுப்பினார். கொடுத்தால் மூன்று மாதத் தடையை எடுத்துவிடுகிறோம் என்றும் சொல்லியனுப்பினார். ரங்கன் ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், மறுநாளே கடலுக்கும் போனான். மூன்றாம் நாள் அலுவலகத்தில், அந்தக் கடிதம் ரத்து, அந்த இடத்தில் மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று பிந்தின தேதியில் இன்னொரு கடிதம் இருந்தது. நிமிர்ந்த முதல் எழுத்து, அலை, வால், அடிக்கோடு, இரண்டு புள்ளி. தேசிங்கு ரங்கன் சட்டையைப் பிடித்து உலுக்கினாராம். எத்தனை தடவை சட்டையை மாற்றி ஒளித்தாலும் கடலுக்குப் போகிறவன் அதைக் கரையில்தானே விட்டுப் போக வேண்டும்?

மறுநாள் காலை பூங்காவனம் ஐஸ் வாங்க வந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு மற்றவர்கள் நின்றார்கள். நான் கட்டையை ஓங்கியபடியே, எல்லாருக்கும் காதில் விழட்டும் என்று உரக்கக் கேட்டேன், இன்னொரு கடுதாசி போயிருக்கிறதாமே, யார் போட்டது என்று.

அவள் கூடையை நீட்டினாள்.

"காத்தா இருக்கும் பாயம்மா" என்றாள்.